தேயும் உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். உரைக்க உரைக்கக் கல்லின் தன்மையே மாறிவிடுமாயின், அது காட்டும் மாற்றை எங்ஙனம் நம்புவது? ஜெனீவா நகரையடுத்து நிலத்தடியில் அமைந்த பெரும் ஹாட்ரான் மோதுவியில் பணியாற்றிய அறிவியலார்க்கு இவ்வினா நாள்தோறும் எழுந்தது.

2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வெளியானபோது, நம் இதழ்கள் பல 'கடவுள் துகள்' என்னும் பெயரிலேயே மயங்கி நின்றன. அப்பெயரின் பொருத்தமின்மை ஒருபுறமிருக்க, அக்கண்டுபிடிப்பை நம்பத்தக்கதாக்கிய உழைப்பைப் பெரும்பாலும் பேசாது விட்டமை பெருங்குறை என்பதே என் கருத்து.

அவ்வுழைப்பின் பெயர் அளவுத்திருத்தம். சி.எம்.எஸ். என்னும் உணர்கருவியில் 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் பொருத்தப்பெற்றன. அவை கண்ணாடிபோல் தெளிந்தவை. இரும்பினும் அடர்த்தி மிக்கவை. ஒளித்துகளோ எலக்ட்ரானோ உட்புகின் படிகம் ஒளிரும். அவ்வொளியின் அளவே புகுந்த துகளின் ஆற்றலுக்குச் சான்று. ஆனால் மோதல்களில் பிறக்கும் கதிர்வீச்சு, படிகத்தினுள் நிற மையங்களைத் தோற்றுவித்து அதன் தெளிவைக் குன்றச் செய்கின்றது. 2012இல் நடுப்பகுதிப் படிகங்களில் 6 விழுக்காடு வரையிலும், துகள் கற்றைக்கு அண்மையான ஓரப்பகுதியில் அதனினும் மிகுதியாகவும் ஒளி குறைந்தது. கற்றை நின்றால் படிகம் ஓரளவு தானே தேறும். ஓடத் தொடங்கினால் மீண்டும் மங்கும். நேற்றுக் குறித்துவைத்த எண் இன்றைக்கு உதவாது.

ஆதலின் நீலநிற லேசர் ஒளியை மெல்லிழைகளின் வழியே ஒவ்வொரு படிகத்திற்கும் அனுப்பிச் சோதித்தனர். துகள் கூட்டங்களுக்கிடையே வேண்டுமென்றே விடப்படும் ஏறத்தாழ 3 மைக்ரோ விநாடி இடைவெளியில் இச்சோதனை நிகழும். சுமார் 40 நிமிடத்திற்கு ஒருமுறை படிகங்கள் அனைத்தும் இதற்குட்படும். லேசரும் ஒரே சீராய் நில்லாது. அதனை அளக்க வேறு ஒளியுணரிகள்! அப்பொழுதும் ஐயம் தீரவில்லை. லேசர் ஒளி படிகத்துள் செல்லும் வழி வேறு. படிகம் தானே உமிழும் ஒளியின் வழி வேறு. முடிவில் இயற்கையையே சாட்சிக்கு அழைத்தனர். இசட் துகள் சிதைந்து தரும் இரு எலக்ட்ரான்களைக் கொண்டு கணக்கிட்டால், அத்துகளின் நிறை 91.19 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என வருதல் வேண்டும். இவ்வெண்ணைத் துல்லியமாக நிலைநாட்டியது, இதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய பழைய முடுக்கி. மூத்தோர் அளந்து வைத்தது இளையோர்க்கு அளவுகோலாயிற்று.

இத்துணைப் பாடும் எதற்கு? ஹிக்ஸ் துகள் இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைவது, 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே வரைபடத்தில் சிறியதொரு மேடாகவே தோன்றும். படிகங்களின் கணக்குப் பிசகினால் அம்மேடு பரந்து கரைந்து பின்னணியோடு கலந்துவிடும்.

அறிவியல் தமிழ் எழுத முன்வரும் நம் மாணவர் துகளின் பெயரோடு நில்லாது, அந்த 40 நிமிடச் சோதனையையும் எழுதுதல் வேண்டும். 'திருத்தம்' என்னும் சொல் ஒருமுறை செய்து முடித்த செயலை உணர்த்துகின்றது. ஓயாது தொடரும் இப்பணிக்கு அது போதுமா என்பது, தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒருங்கமர்ந்து ஆராய வேண்டியதாகும்.