உடைந்ததைக் கூட்டி அள்ளாதீர்கள்

மூன்றாவது வார்ப்பும் வெடித்துவிட்டது. சூளை ஆறி இரண்டு நாள் கழித்து, மேசைமேல் சும்மா கிடந்த கண்ணாடி "டிக்" என்றது. அவ்வளவுதான். குறுக்கே ஒரு கோடு. யாரும் தொடவில்லை, தட்டவில்லை. பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "கண்ணு பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு அம்மாயி விளக்குமாற்றை எடுத்து வந்தார்.

அந்த விளக்குமாற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உடைந்தது எதுவானாலும் அதை உடனே கூட்டி அள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உடைந்தது கண்ணாடியாக இருக்கலாம், ஒரு பிள்ளையின் ஓ.எல். ரிசல்ட்டாக இருக்கலாம், ஒரு சங்கம் எடுத்த முயற்சியாக இருக்கலாம். அள்ளுவதற்கு முன் யார் தலையிலாவது குற்றத்தைப் போடுவோம். காரணத்தைத் தேடுவது கடைசி வேலை. பெரும்பாலும் அதற்கு நேரமே வருவதில்லை.

ஏன் கண்ணாடி?

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் நாங்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: பெரும்பாலான லயக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், ஊர். அதே விலாசம் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலோ ஏறி, என்றைக்கோ வீட்டுக்கு வரும். எங்களில் ஒருவருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் கிடைத்தபோது தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

சரி, வீட்டுக்கு இலக்கமாவது நாமே போடுவோம் என்று தொடங்கினோம். தகரத்தில் எழுதினால் துருப்பிடிக்கும், பலகை மழையில் உளுக்கும். காண்களில் குவிந்து கிடக்கும் போத்தல்களை உருக்கி, இலக்கம் புடைத்து நிற்கும் தடித்த கண்ணாடிப் பலகையாக வார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மண்பாத்திரம் சுடும் பழைய மின்சூளை ஒன்றை வாங்கினோம். அச்சுக்குப் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸும் சிலிக்கா மாவும். "போத்தலை உருக்கி என்னா செய்யப் போறீங்க, மறுபடி போத்தலா?" என்று லயமே சிரித்தது.

முதல் பலகையில் 7 கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நின்றது. அச்சில் நேரடியாகச் செதுக்கும்போது தலைகீழாகச் செதுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகு வந்த தோல்விகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சு சொன்னவை

இரண்டாவது பலகை நுரை அடித்த சவர்க்காரம் மாதிரி வந்தது. உள்ளே எல்லாம் குமிழி. அச்சில் ஒரு வெடிப்பு, அந்த வெடிப்புக்குள் கண்ணாடி ஓடி பிளேடு மாதிரி ஒரு செதில். "பிளாஸ்டர் சரியில்லை, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று முடிவு கட்டினோம். உண்மையில் அச்சு காயவில்லை. மேல்தோல் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மார்கழியில் பதுளை மழையும் பனிமூட்டமும் தெரியும்தானே, உடுப்பே மூன்று நாளாகும். ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லாவிட்டால் அச்சைப் பிளந்துகொண்டு வரும்.

இதற்கு மருந்து ஒரு தராசுதான். அச்சைத் தினமும் நிறுத்து எழுதுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் சூளைக்குள் வையுங்கள். அதன் பிறகும் 100 பாகையைத் தாண்டும் இடத்தில் சில மணிநேரம் நிறுத்தி வைக்க வேண்டும். இன்னொரு இடமும் இருக்கிறது. சிலிக்காவில் இருக்கும் குவார்ட்ஸ் 573 பாகையில் திடீரென்று பருக்கும். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் காய்ந்த அச்சும் வெடிக்கும். மெதுவாகத் தாண்டினால் ஒன்றும் ஆகாது.

குமிழிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சீக்கிரம் உருகட்டும் என்று போத்தலைத் தூளாக நொறுக்கிப் போட்டிருந்தோம். ஒவ்வொரு தூளுக்கும் நடுவில் காற்று. பெரிய துண்டுகளாகப் போட்டால் குமிழி குறையும். எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்று கணக்குப் பார்க்க ஒரு சுலபமான வழி: அச்சின் குழி எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் கொள்ளும் என்று பார்த்து 2.5 ஆல் பெருக்குங்கள். அத்தனை கிராம் கண்ணாடி. ஆனால் தண்ணீரை அச்சில் ஊற்றாதீர்கள், மெழுகு மாதிரியை அளந்து பாருங்கள். ஏன் என்று நாங்கள் மறுபடி சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. சிலிக்கா மா பவுடர் இல்லை. அதன் தூசு நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. துணியைக் கட்டிக்கொண்டு கலக்காதீர்கள். நல்ல முகமூடி, திறந்த இடம், கூட்டுவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைப்பது. இதில் விளையாட்டு வேண்டாம்.

சூளை சொன்னவை

இன்னொரு தடவை கண்ணாடி உருகவே இல்லை. துண்டுகளின் முனை மட்டும் மழுங்கியிருந்தது, மேலே பால் ஆடை மாதிரி ஒரு மங்கல். சாதாரணப் போத்தல் கண்ணாடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓட 850 பாகைக்கு மேல் வேண்டும். சூளை 800இலேயே நின்றுவிட்டது. சூளையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி தூங்கிவிட்டான் என்று அவனை ஒரு வாரம் நக்கலடித்தோம். பிறகு ஒருவர் மீற்றரை வைத்துப் பார்த்தார். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 185தான் வருகிறது. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள். கம்பியின் சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. 185க்கு எங்கள் சூளை தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தரவில்லை. தம்பி விழித்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஊர் தூங்கிய பிறகுதான் உச்சச் சூட்டுக்குப் போகிறோம்.

இனி, மேசைமேல் "டிக்" என்ற அந்தப் பலகை. அம்மாயி கூட்டுவதற்கு முன் துண்டுகளை எடுத்து வைத்தோம். பச்சைப் போத்தலையும் பழுப்புப் போத்தலையும் கலந்து உருக்கியிருந்தோம், அழகாக இருக்கும் என்று. வெடிப்பு பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்காது. சூட்டில் ஒன்றாக ஓடியவை, ஆறிய பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சில சமயம் ஒரு மணிநேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள். கண்ணும் படவில்லை, மண்ணும் படவில்லை. ஒரு பலகைக்கு ஒரே வகைப் போத்தல், அதுதான் விசயம்.

வெடிப்பைப் படிக்க இன்னொரு வழி உண்டு. துண்டின் ஓரத்தைப் பாருங்கள் (விரலை வைக்காதீர்கள்). ஓரம் மழுங்கி உருண்டிருந்தால், சூடு ஏறும்போதே வெடித்து, பிறகு உருகியிருக்கிறது. கத்தி மாதிரிக் கூராக இருந்தால், ஆறும்போது வெடித்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும். ஏனென்றால் எங்கள் துண்டுகளில் பெரும்பாலானவை கூர்தான். நாங்கள் இரவெல்லாம் முழித்திருந்து சூடேற்றுவதைப் பார்த்தோம். ஆறுவதை யாரும் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

போத்தல் கண்ணாடியை சுமார் 550 பாகையில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு போதாது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சொன்ன நேரத்தை இரண்டு சென்ரிமீற்றர் பலகைக்கு வைத்தோம். உடையாமல் என்ன செய்யும்?

உள்ளே இழுவை மிச்சம் இருக்கிறதா என்று உடைவதற்கு முன்பே பார்க்கலாம். பழுதான கல்குலேற்றரின் திரையில் கறுத்த பிளாஸ்ரிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். இரண்டு தாளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் திருப்பினால் ஒரு கட்டத்தில் வெளிச்சம் முழுக்க அடைபடும். அந்த நிலையில் நடுவில் கண்ணாடியை வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இழுவை உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். செலவு இல்லை.

குரங்கும் மூடியும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஏற்றிய சூளை ஆறும் கட்டத்தில் இருந்தது. காலை பதினொரு மணி தாண்டியதும் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று அமைச்சர் சொன்னார். நாடே குரங்கை வைத்து மீம் போட்டது. நாங்களும் குரங்கைத் திட்டினோம், எங்கள் பலகை இரண்டாகப் போயிருந்ததே.

பிறகு பொறியியலாளர்கள் வேறு கதை சொன்னார்கள். ஞாயிறு பகல், மின்தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். ஒரு இடத்தில் தட்டுப்பட்டால் தாங்கி நிற்கும் பலம் அன்றைக்கு வலையமைப்பில் குறைந்திருந்தது. குரங்கு தட்டியது உண்மைதான். ஆனால் ஒரு தட்டுக்கே விழும் நிலையில் அது இருந்தது.

எங்கள் பலகையும் அப்படித்தான். குறிப்புப் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தபோது ஒரு வரி இருந்தது: "11.50 — மூடியைத் திறந்து பார்த்தோம்." கரண்ட் போனால் மூடிய சூளை அதன் செங்கல் சூட்டிலேயே மெதுவாக ஆறியிருக்கும். மாலை வரை சும்மா விட்டிருந்தால் பலகை பிழைத்திருக்கக்கூடும். பதறி மூடியைத் திறந்தது குரங்கு இல்லை, நாங்கள்.

அந்த வரி எழுதப்படாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் குரங்கைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

குப்பையில் இருந்த புத்தகம்

பெரகல தாண்டி, ஹல்துமுல்லை வழியாகப் பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் சமனலவெவ வரும். அந்தப் பகுதி மலைச்சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலைகள் மேற்கைப் பார்த்து நிற்கும். துருத்தி ஊத ஆள் வேண்டாம், தென்மேற்குப் பருவக்காற்றே ஊதிவிடும். காற்றை மட்டும் நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1994இல் அதே இடத்தில் அதே மாதிரி உலை கட்டி, காற்றுக் காலத்தில் எரித்துக் காட்டினார். 1996இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது.

எங்களைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. அந்த உலைகளின் முன்சுவரை ஒவ்வொரு உருக்கலுக்குப் பிறகும் உடைத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். உடைந்த மண்சுவர், காற்றுக்குழாய்த் துண்டு, இரும்புக் கசடு எல்லாம் சரிவில் குவிந்து கிடந்தன. ஆயிரம் வருடம் கழித்து அந்தத் தொழிலைப் படிக்க உதவியது அந்தக் குவியல். செய்தவர்களின் பெயர் இல்லை, எழுதிவைத்த ஏடு இல்லை. கழிவு இருந்தது, அதைப் படிக்க ஒருவர் வந்தார்.

ஆகவே நாங்கள் சொல்வது

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பாதியில் படிப்பை விட்டால் "அதுக்கு மண்டையில ஏறாது" என்கிறோம். தொழிற்பயிற்சிக்குப் போனவன் மூன்றாம் மாதம் கொழும்புக் கடைக்கு ஓடினால் "பொறுப்பில்லை" என்கிறோம். ஓரத்தைப் பார்த்தோமா? நாங்கள் விசாரித்த இடங்களில் உலை, வார்ப்பு, மின்வேலை சம்பந்தமான பாடநெறிகள் சிங்களத்தில் நடந்தன, தமிழில் இல்லை. பஸ் காசு யாரும் தருவதில்லை. ஆறு மாதம் சூடேற்றி, சான்றிதழைக் கொடுத்து, அடுத்த நாளே வெளியே விடுகிறார்கள். அதற்குப் பிறகு அவனை மெல்ல ஒரு வேலையில் நிறுத்துவதற்கு யாரும் இல்லை. வெடிப்பு கூராக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

எங்கள் ஆட்களுக்குச் சூடு தெரியாதா? தேயிலை ஸ்டோரில் ட்ரையருக்கு முன்னால் நின்றவர்கள், தூளின் மணத்தை வைத்தே பதம் சொல்லுவார்கள். அந்த அறிவை யாரும் எழுதவில்லை, அவர்களோடு போகிறது. எங்கள் முயற்சியில் மிகப் பெரிய உதவி அப்படி ஒரு மாமாவிடம் இருந்துதான் வந்தது. "ஏத்துறது யாருக்கும் வரும், எறக்குறதுதான்டா வேலை" என்றார். மூன்று பலகை உடைந்த பிறகுதான் அவரிடம் போனோம். அது எங்கள் தப்பு.

எனவே இரண்டு கோரிக்கை. பயிற்சி நடத்துகிறவர்களிடம்: தமிழில் நடத்துங்கள், முடிந்த பிறகு ஒரு வருடமாவது கூட இருங்கள். சிரிக்கும் முகங்களோடு குழுப்படம் எடுத்து அறிக்கை போடும்போது எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எங்களைப் போன்ற இளைஞர் குழுக்களிடம்: தோற்றதையும் எழுதி வையுங்கள். திகதி, நேரம், வோல்ட், எடை, யார் மூடியைத் திறந்தது. திட்டுவதற்கு அல்ல. அடுத்தவன் அதே காசைத் தொலைக்காமல் இருக்க.

இப்போது எங்கள் லயத்தில் நான்கு கதவுகளில் கண்ணாடி இலக்கம் இருக்கிறது. 14இல் ஒரு பெரிய குமிழி, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். இலக்கம் மாட்டியதால் தபால்காரர் படியேறி வந்துவிடவில்லை. கடிதங்கள் இன்னும் ஆபீசுக்குத்தான் போகின்றன. அது வேறு சண்டை, அதையும் எழுதுவோம். உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், மேலே திகதி ஒட்டி வைத்திருக்கிறோம். சூளை வைக்க யோசிக்கிறவர்கள் முதலில் வந்து அந்த டின்னைப் பாருங்கள்.