கூட்ஸ் வண்டிக்குக் காத்திருப்பவர்கள்

எக்ஸ்பிரஸுக்கு நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குப் போகலாம். கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று நமக்கு யார் சொல்வார்கள்? எண்ணூர், அத்திப்பட்டு பிளாட்பாரங்களில் கேமராவோடு மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புதான் ருசி. நிலக்கரி, டேங்கர், கன்டெய்னர் என ஒவ்வொன்றையும் படம் பிடிப்பார்கள். இன்ஜினில் உள்ள ‘டபிள்யூ.ஏ.ஜி.’ என்ற எழுத்துகளுக்கு அகலப்பாதை, மாறுதிசை மின்சாரம், சரக்கு என்று அர்த்தமும் சொல்வார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட கதையும் அவர்களுக்கு அத்துப்படி.

உங்கள் பிள்ளைக்கும் இந்தப் பித்து உண்டா? திட்டாதீர்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: எந்தப் படத்துக்காகவும் தண்டவாளத்தில் இறங்காதே. மேலே கம்பியில் 25,000 வோல்ட். கீழே அத்துமீறினால் ரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. இந்த வண்டி போனால் என்ன, இன்னொரு கூட்ஸ் வரும்!