சூளை யாருக்கு, பெயர் யாருக்கு?

2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பழைய மண்சாடி 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1858இல் வீட்டுப் புழக்கத்துக்காக வனையப்பட்ட சாடி அது. வனைந்தவர் டேவிட் டிரேக். தென் கரோலினா மாநிலத்தின் எட்ஜ்ஃபீல்டு பகுதியில் அடிமையாக வாழ்ந்த கறுப்பினத்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதை அந்த மாநிலம் 1834இல் சட்டம் போட்டுத் தடுத்தது. டிரேக்கோ ஈரம் காயாத சாடிகளின் தோளில் ஈரடிப் பாட்டுகளைக் கீறினார். ‘டேவ்’ என்று கையெழுத்தும் போட்டார். அதே வட்டாரச் சூளைகளில் அவரைப் போல ஏராளமான அடிமைகள் உழைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்தச் சாடியிலும் இல்லை.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2022இல் எட்ஜ்ஃபீல்டு சாடிகளைக் காட்சிக்கு வைத்தபோது, இன்றைய சிற்பிகளான தியஸ்டர் கேட்ஸ், சிமோன் லீ ஆகியோரின் படைப்புகளையும் கூடவே வைத்தது. சுடுமண் வேலையில் கை தேர்ந்து சிற்பத்துக்கு வந்த லீ, அதே ஆண்டு வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது பெற்றார். அதற்கு முன்பே, 2003இல், ஜாடிகள் செய்யும் கிரேசன் பெர்ரிக்கு பிரிட்டனின் டர்னர் பரிசு கிடைத்தது. ஆக, களிமண் கலைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது, அதைப் போலவே நெருப்பில் உருவாகும் கண்ணாடியும் நுழைந்துவிட்டது. அவற்றைக் கையாளும் எல்லோரும் நுழைந்துவிட்டார்களா என்பதுதான் கேள்வி.

இவ்விரு பொருள்களின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டினால் ஒன்று புலப்படும். ஒருவரைக் கலைஞர் ஆக்கியதில் திறமைக்கு இணையாக இரண்டு விஷயங்கள் வேலை செய்திருக்கின்றன. ஒன்று, உலையை நெருங்கும் வாய்ப்பு. மற்றது, செய்த பொருளில் பெயர் போடும் உரிமை.

கார் கொட்டகையில் பிறந்த இயக்கம்

கண்ணாடி உலை அணையாமல் எரிய வேண்டியது. உருகிய கண்ணாடிக் குழம்பு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும். அதற்குப் பெரும் முதலும் ஆள்கட்டும் வேண்டும். அதனால் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலையின் பொருளாகவே இருந்தது. ஓவியர் படம் வரைந்து கொடுப்பார், தொழிலாளர்கள் ஊதுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மண்பாண்டக் கலை கற்பித்த ஹார்வி லிட்டில்டன், மண் கலைஞர் தனக்கென்று சூளை வைத்துக்கொள்ளும்போது கண்ணாடிக் கலைஞர் ஏன் வைத்துக்கொள்ள முடியாது என்று யோசித்தார். 1962 மார்ச்சில் டொலிடோ கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் இருந்த கார் கொட்டகையில் சிறு உலை ஒன்றைக் கட்டிப் பயிலரங்கு நடத்தினார். கண்ணாடி சரியாக உருகவில்லை. தொழிற்சாலை ஆய்வாளரான டொமினிக் லபினோ, கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கிப் பார்க்கச் சொன்னார். அது உருகியது. ஆனால், அதை ஊதத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. லிபி கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து ஊதிக் காட்டினார்.

அந்தக் கொட்டகையிலிருந்துதான் இன்றைய கண்ணாடிக் கலை இயக்கம் புறப்பட்டது. லிட்டில்டன் தன் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி வகுப்பைத் தொடங்கினார். அவரிடம் படித்த டேல் சிஹுலி, புரவலர்களின் துணையுடன் 1971இல் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளியை உருவாக்கினார். அருங்காட்சியகம் இடம் கொடுத்தது, பல்கலைக்கழகம் பாடத்திட்டம் கொடுத்தது, செல்வந்தர்கள் நிலம் கொடுத்தார்கள். கண்ணாடி கலையானதற்கு இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டன. லிட்டில்டனை இன்று இயக்கத்தின் தந்தை என்கிறார்கள். ஊதிக் காட்டிய தொழிலாளியின் பெயர் துறை வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு கையால் ஆகாத வேலை

களிமண்ணை விரலால் அழுத்தலாம். உருவம் முடிந்த பிறகுதான் நெருப்பு. கண்ணாடிக்கோ நெருப்பில் இருக்கும்போதே உருவம் கொடுக்க வேண்டும். விரல் படவே கூடாது. ஒருவர் குழலைச் சுழற்ற, ஒருவர் ஊத, இன்னொருவர் புதுக் குழம்பை எடுத்து வந்து ஒட்ட வேண்டும். 1968இல் வெனிஸ் அருகே முரானோ தீவில் வெனினி தொழிற்சாலைக்குச் சென்ற சிஹுலி, இந்தக் குழு வேலையைக் கண்டு அதையே தன் வழியாக்கிக்கொண்டார். 1976இல் கார் விபத்தில் ஒரு கண்ணில் பார்வை போனது. 1979இல் தோளில் அடிபட்டது. அதன் பிறகு அவர் குழலைப் பிடிப்பதில்லை. வரைகிறார், நிறம் சொல்கிறார், குழு ஊதுகிறது. கையெழுத்து சிஹுலியுடையது.

இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. கற்பனை அவருடையது, பொறுப்பும் அவருடையது. ஆனால், வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. செக் நாட்டின் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி வரைவார். யாரோஸ்லாவா பிரிக்டோவா அதைக் களிமண்ணில் உருவமாக்குவார். அதிலிருந்து அச்சு எடுத்து, தொழிற்சாலை உலையில் கண்ணாடி வார்ப்பார்கள். கனத்த வார்ப்பு அவசரப்பட்டு ஆறினால் விரிசல் விடும். வாரக்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும். ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்த அந்தக் கூட்டுழைப்பில் இருவர் பெயரும் சேர்ந்தே நின்றன.

முரானோவின் லினோ தாலியாபியெத்ரா இன்னொரு உதாரணம். வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது. தொழில் ரகசியம் கசியாமலிருக்க மாஸ்டர்கள் வெளியேறுவதையே ஒரு காலத்தில் தடுத்தது. தாலியாபியெத்ரா சிறு வயதிலேயே உலைக்கு வந்து, தொழிற்சாலைகளில் பிறர் வடிவமைத்ததை ஊதியவர். 1979இல் பில்சக் சென்று தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். பின்னர் தன் பெயரிலேயே படைத்து உலகப் புகழ் பெற்றார். அவர் கைத்திறன் அப்படியேதான் இருந்தது. அவர் நிற்கும் இடம்தான் மாறியது.

இதன் எதிர்முனையில் நிற்கிறது, சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பரப்பிய ‘சூரியகாந்தி விதைகள்’. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பீங்கான் விதைகள். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டேஜென்னில் சுமார் 1,600 பேர் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவை. பெருந்திரளுக்குள் தனிமனிதர் என்பதே அந்தப் படைப்பின் பொருள். செய்தவர்களைக் காட்டும் படமும் அங்கே திரையிடப்பட்டது. ஆனாலும், உலகம் அவர்களை நினைவில் வைத்திருப்பது ஓர் எண்ணாகத்தான்.

புதுச்சேரியைச் சுற்றி

இந்தக் கதையை நம் ஊரில் பொருத்திப் பார்க்கப் புதுச்சேரியை விட நல்ல இடம் கிடையாது. அதன் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பிய ஊர் அது. மேற்கே வில்லியனூர், சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. நகரத்துக்குள், மண் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை. சவுக்கு விறகில் 1,300 டிகிரியளவு சூடேற்றிச் சுடும் ‘ஸ்டோன்வேர்’ முறையை அவர்கள் இங்கே வேரூன்றச் செய்தார்கள். மீக்கர் மண்ணால் வீடுகளைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டும் பார்த்தார். இன்றைய இந்தியாவின் களிமண் சிற்பிகளில் கணிசமானோர் அங்கே பயின்றவர்கள். சூளை ஒன்று திறந்திருந்தால் ஒரு தலைமுறையே எழும் என்பதற்கு அது சான்று.

ஆனால், இப்படிப்பட்ட பட்டறைகளில் மாதக்கணக்கில் தங்கிப் படிக்க நேரமும் வசதியும் வேண்டும். வழிவழியாக மண் வனையும் வேளார் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் எளிதில் அமைவதில்லை. அவர்களிடம் இருக்கும் அறிவோ சாதாரணமானதல்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும், வேலையைத் தொடங்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் ஒரு கைப்பிடி மண், அதாவது பிடிமண், கொடுப்பார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, கால்களை முதலில் நிறுத்தி, அவை இறுகிய பிறகு வயிறு, கழுத்து, தலை என்று ஏற்றுவார்கள். உள்ளே கூடாக இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும். சுவரின் கனம் ஏறி இறங்கினால் காயும்போதே விரியும். ஆளுயரத்தைத் தாண்டும் உருவத்தை வைக்கோல், வரட்டி, விறகு அடுக்கி, வெப்பமானி இல்லாமல், தணலின் நிறம் பார்த்தே சுட்டெடுப்பார்கள்.

‘பெயர் போடுவது நம் மரபில் இல்லை’ என்பது இங்கே வழக்கமாகக் கேட்கும் பதில். கொஞ்சம் யோசித்தால் இது நிற்காது. பிடிமண் வழியில் போகும் யாருக்கோ தரப்படுவதில்லை. இன்ன குடும்பத்துக்கு என்று உரிமை உண்டு. திருவிழாவில் அந்த வேளாருக்கு மரியாதை உண்டு; பல அய்யனார் கோயில்களில் அவரே பூசாரி. ஊருக்குள் நிற்கும்வரை குதிரையைச் செய்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். லாரி ஏறி நகரத்துக்கு வந்து, ‘அய்யனார் குதிரை, சுடுமண், தமிழ்நாடு’ என்ற அட்டைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் பெயர் காணாமல் போகிறது. செய்தவரைப் பெயரற்றவர் ஆக்கியது மரபு என்பதைவிட, அந்த அட்டை என்பதே பொருந்தும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. யோசனை ஒருவருடையது, உழைப்பு கூலிக்குப் பெற்றது. உதவியாளர் பெயரை ஏன் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். ஆனால், சிற்பி என்ற இடத்தை எல்லோருக்கும் பங்கிட யாரும் கேட்கவில்லை. சினிமாவில் இயக்குநர் பெயர் தனித்து வருகிறது. லைட்மேன் பெயரும் டைட்டிலில் ஓடுகிறது. அதனால் இயக்குநரின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

என்ன செய்யலாம்?

செய்தவரைப் பெயரோடு நிறுத்த, போபாலில் உள்ள பாரத் பவன் கலை மையம் வழி காட்டியிருக்கிறது. 1982இல் திறக்கப்பட்ட அதன் கலைக்கூடத்தில் ஓவியர் ஜே.சுவாமிநாதன், பழங்குடி, கிராமியக் கலைஞர்களையும் நவீனக் கலைஞர்களையும் ஒரே கூரையின் கீழ், அவரவர் பெயரோடு வைத்தார். சர்குஜா பகுதியில் வெளியுலகம் அறியாமல் தன் வீட்டுச் சுவர்களை மண் சல்லடைகளாலும் பறவை, மனித உருவங்களாலும் நிரப்பியிருந்த சோனாபாய் ரஜ்வாரை உலகம் அறிந்தது அந்த அமைப்பின் தேடலால்தான். அவரை ‘சத்தீஸ்கர் கைவினை’ என்று யாரும் சுருக்கிவிடவில்லை. சோனாபாய் என்றே சொல்கிறார்கள்.

தமிழக அரசு மண்பாண்டத் தொழிலாளர்களைக் கவனிக்காமல் இல்லை. ஏரி, கண்மாய்களில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் விதி தளர்த்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால், அரசின் கண்ணில் மண்பாண்டத் தொழிலாளி இன்னும் நலத்திட்டப் பயனாளிதான். புதுப் பேருந்து நிலையத்துக்கோ நூலகத்துக்கோ சிற்பம் செய்யச் சொல்லி ஒப்பந்தம் கொடுக்கத் தக்கவராக அவர் தெரிவதில்லை. வில்லியனூரின் சுடுமண் சிற்பி வி.கே.முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது மகிழ்ச்சி. விருது ஒருவரை உயர்த்தும்; ஒரு தொழிலையே உயர்த்தத் தொடர்ந்து வேலை வேண்டும்.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். அரசு அருங்காட்சியகங்களும் கண்காட்சிகளும் இனி வாங்கும் ஒவ்வொரு சுடுமண் சிற்பத்துக்கும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கட்டாயமாகப் பதிய வேண்டும். அடுத்ததாக, கவின்கலைக் கல்லூரிகளின் சூளைகளை விடுமுறை மாதங்களில் வேளார் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டு, அவர்களையே வருகைதரு ஆசிரியர்களாக ஊதியத்துடன் அழைக்க வேண்டும். மூன்றாவது, கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் பெரும் கண்ணாடி ஆலை இயங்குகிறது. திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அரிக்கமேட்டு முறையை ஒத்த மணித் தயாரிப்பு அண்மைக்காலம் வரை தொடர்ந்திருக்கிறது. மணலும் நெருப்பும் கைப்பழக்கமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கல்லூரி ஒன்றில் சிறு உலை கட்டி, அனுபவப்பட்ட தொழிலாளர்களைக் கற்பிக்க வைத்தால் போதும். டொலிடோவில் நடந்ததும் அதுதான்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். முதல் நாள் ஊதிக் காட்டுபவரின் பெயர் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டும்.