அழிக்கும் முன் ஒரு நிமிஷம்!



எங்க வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அம்மா சித்தாள் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் அதில் ஒரு கோடு. அரை நாள் என்றால் பாதிக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் கணக்குப் புத்தகம் அதுதான். சனிக்கிழமை கூலி குறைந்தால் அந்தக் காலண்டரையே கழற்றிக்கொண்டு மேஸ்திரியிடம் போய் நிற்பார். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. காரணம் இருக்கிறது.

போன வருஷம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக, மாமல்லபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய கட்டட வேலைக்குப் போயிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே வருகைப் பதிவேட்டு நோட்டு கிடையாது. சூப்பர்வைசர் செல்போனில் ஆள் கணக்கைப் போட்டால், அது ‘டைம் கார்டு’ பதிவாக ஒரு கட்டுமான மென்பொருளுக்குள் போய்விடும். கூலி அதிலிருந்துதான். ஆனால் சிக்னல் விட்டு விட்டு வரும் இடம். போகவில்லையோ என்று அவர் மறுபடி அமுக்க, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பதிவு விழுந்துவிடும்.

“தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே? ரெட்டைப் பதிவையெல்லாம் தூக்கிடு” என்றார் அலுவலகத்தில் ஒருவர். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

ஏபிஐ என்பது பெரிய மாயமந்திரம் இல்லை. திரையில் நாம் கையால் செய்யும் வேலையை, நம் புரோகிராம் நேராகச் சர்வரிடம் கேட்டுச் செய்துகொள்ளத் திறந்து வைத்திருக்கும் வாசல். ‘கெட்’ என்று கேட்டால் பதிவுகளின் பட்டியல் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லி ‘டெலீட்’ என்றால் பதிவு போய்விடும். எண்களைத் திரட்டி ஒரு லூப்பில் போட்டால், ஒரு நாள் முழுக்க மவுஸைத் தட்ட வேண்டிய வேலை ஒரு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். பைதானில் இருபது வரி. ஒவ்வொரு அழிப்புக்கும் சர்வர் 204 என்று பதில் சொன்னது. அதற்கு அர்த்தம், ‘வேலை முடிந்தது, சொல்வதற்கு ஒன்றுமில்லை.’

சனிக்கிழமைதான் சொல்வதற்கு நிறைய இருந்தது!

நான் ஆளின் எண்ணை வைத்து ஒப்பிடாமல் பெயரை வைத்து ஒப்பிட்டிருந்தேன். நம்ம ஊரில் ஒரே செட்டில் எத்தனை லட்சுமி, எத்தனை முருகன்! இரண்டு லட்சுமி இருந்தால் ஒரு லட்சுமி ‘ரெட்டைப் பதிவு’ என்று என் புரோகிராம் முடிவு கட்டிவிட்டது. பதினோரு பேர், ஆளுக்கு ஆறு நாள். அறுபத்தாறு நாள் உழைப்பு காற்றோடு போயிருந்தது. “நான் தினமும் வந்தேனே சார்” என்று அந்த அக்கா சொன்னபோது அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் நம்பினார்கள். கடைசியில் மேஸ்திரியின் சட்டைப்பையிலிருந்த அழுக்கு நோட்டுதான் அவர்கள் கூலியைக் காப்பாற்றியது. நோட்டு இல்லாதிருந்தால்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், ஒரு கேள்விதான் கேட்டார்: “நான் போட்ட கோட்டை எவனாவது அழிச்சா காலண்டர்ல தடம் தெரியும்டா. உன் கம்ப்யூட்டர்ல தெரியுமா?”

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அந்தக் கேள்விதான்.

ஒரு நாள் பதிவு என்பது அன்றையக் கூலி மட்டுமல்ல. கட்டடத் தொழிலாளி நலத் திட்டங்களின் பயனாளியாகப் பதிய வேண்டுமானால், முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 90 நாள்தான். அன்றே அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கூலி பாக்கியைக் கேட்க 3 வருஷம் அவகாசம் தருகிறது. அவகாசம் இருந்து என்ன பயன், ஆதாரத்தை மூன்றே நிமிஷத்தில் அழிக்க முடியுமென்றால்?

இது ஒரு தனியார் கட்டட வேலையின் கதை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நூறு நாள் வேலைத் திட்டப் பட்டியலிலிருந்து 2022-23-இல் மட்டும் நாடு முழுவதும் 5 கோடியே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் நீக்கப்பட்டன என்று 2023 ஜூலையில் மக்களவையிலேயே அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அது சுமார் 1 கோடியே 49 லட்சம். போலி அட்டை, இரட்டை அட்டை, ஊரை விட்டுப் போனவர், இறந்தவர், வேலை செய்ய விருப்பமில்லாதவர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டமும் வந்துவிட்டது. போலியை நீக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை கோடிப் பேரில் என்னுடைய ‘இரண்டாவது லட்சுமி’ எத்தனை பேரோ?

“தப்புப் பதிவை வைத்துக்கொண்டு இரட்டைக் கூலி கொடுப்பதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயம். திருத்தத்தான் வேண்டும். திருத்துவது வேறு, தடமில்லாமல் அழிப்பது வேறு. வங்கிக் கணக்கில் தப்பாக விழுந்த வரவை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போட்டுச் சரி செய்கிறார்கள். முதலாளியின் பணத்துக்கு இருக்கிற மரியாதை தொழிலாளியின் நாளுக்குக் கிடையாதா?

நாளைக்கு இந்த மென்பொருள்களில் வேலை பார்க்கப் போவது நாம்தான். எனவே என் யோசனைகள் இவை. பதிவை அழிக்காமல் ‘ரத்து’ என்று குறியிடுவோம். யார், எப்போது, ஏன் ரத்து செய்தார் என்பதும் கூடவே இருக்கட்டும். லூப்பை ஓட்டும் முன் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து, ஆட்களை அறிந்த மேஸ்திரியிடம் காட்டுவோம். ஒப்புதல் ஆன பதிவில் ஒருவர் தனியாகக் கை வைக்க முடியாதபடி செய்வோம். என்னைப் போன்ற பயிற்சி மாணவன் கையில் அழிக்கும் சாவியைக் கொடுக்கவே கூடாது! முக்கியமாக, பதிவு விழுந்தாலும் ரத்தானாலும் தொழிலாளியின் செல்போனுக்கு அன்றைக்கே தமிழில் ஒரு செய்தி போகட்டும்.

மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தடவை போயிருப்போம். பக்கத்திலேயே பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பிகளின் பெயர்கள் என்று கருதப்படுபவை அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன் என்பது அதில் ஒரு பெயர். ராஜாக்கள் பெயரைச் சொல்ல ஊரெல்லாம் கோயில் இருக்கிறது. வேலை செய்தவன் பெயருக்கு அந்த ஒரு பாறை. ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக அதை யாரும் அழிக்கவில்லை.

நாம் எழுதும் புரோகிராம் பாறையாக இருக்க வேண்டாம். அம்மாவின் காலண்டர் அளவுக்காவது இருக்கட்டுமே!

சிந்திப்போம் நண்பர்களே!