கரண்ட் வைத்தால் போதுமா?



சென்ற ஆண்டு போகிக்கு முந்தின நாள், பரணில் இருந்த வெண்கலப் பானையை எடுக்கக் கையைத் தூக்கினேன். இடது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. வலது கையால் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ நின்று அடைத்துக்கொண்டதுபோல் அதற்கு மேல் போகவே இல்லை. மூன்று மாதமாகவே அந்தத் தோளில் ஒரு குடைச்சல் இருந்தது. இரவில் இடப்பக்கம் புரண்டால் விழிப்பு வந்துவிடும். இதழ் முடிக்கிற அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் வைத்தியம் சொல்லாதவர் இல்லை. “வாயுப் பிடிப்புதான், பூண்டுப் பால் குடி” என்றார் அத்தை. மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் தலையணையை வெயிலில் காயப்போட்டுப் படுக்கச் சொன்னார். பக்கம் வடிவமைக்கும் தம்பியின் ஊரில் கால் முதலில் வந்து பிறந்த ஒரு பாட்டி இருக்கிறாராம். அவர் காலால் நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் நிற்காதாம். வண்டியில் அழைத்துப்போகவே தயாராக இருந்தார் தம்பி. அம்மா மட்டும், “கையைச் சும்மா வெச்சிரு, ஆட்டாதே” என்றார்.

பூண்டுப் பாலால் கெடுதல் இல்லை. காய்ந்த தலையணையாலும் இல்லை. பாட்டியிடம் நான் போகவில்லை. எல்லாவற்றிலும் நியாயமாகப் பட்ட அம்மாவின் யோசனையைத்தான் கேட்டேன். அதுதான் கெடுதல் செய்தது. ஐந்து வாரம் அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு காப்பாற்றினேன். அதற்குள் தலை பின்ன முடியாமல், ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்கக்கூட இன்னொருவர் துணை வேண்டும் என்று ஆயிற்று.

மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: “சர்க்கரை இருக்கா?” எட்டு வருடமாக இருக்கிறது. “அப்போ ஆச்சரியமில்லை, ஃப்ரோசன் ஷோல்டர்” என்றார். தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது வீங்கித் தடித்துச் சுருங்கினால் உள்ளே மூட்டு அசைய இடமில்லாமல் போகிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது அதிகம், பெண்களுக்கு அதிகம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளகுதல் என்று மூன்று கட்டங்களைக் கடந்து அது விலக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். “மாத்திரை வலிக்கு. கைக்கு பிசியோதான்” என்று எழுதிக் கொடுத்தார்.

நம் ஊரில் பிசியோதெரபிக்கு இன்னொரு பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்து அம்மாளும் அதையேதான் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை நாள் கரண்ட்?” நானும் அப்படித்தான் போயிருந்தேன். படுத்துக்கொள்வோம், மெஷினை வைப்பார்கள், பத்து நாளில் கை வந்துவிடும் என்று.

அந்த பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். பத்து நிமிடம் கரண்ட் வைத்தார். கழற்றும்போது சொன்னார்: “அம்மா, இது வலியைக் கொஞ்சம் அடக்கும். அவ்வளவுதான். வேலை இனிமேதான் இருக்கு.” மேசையில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டுக் கிணற்றுக் கயிறுபோல ஆடவிட வேண்டும். 1934-ல் இந்தத் தோள் நோய்க்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று பெயர் வைத்த அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் பெயரால்தான் இந்த ஊசல் பயிற்சி இன்றும் அழைக்கப்படுகிறது. அடுத்தது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது. மூன்றாவது, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது. தினமும் மூன்று வேளை, வீட்டில்.

“வலிக்குமே?” என்றேன்.

“வலிக்கும். பத்துக்கு எத்தனைன்னு மனசுல மார்க் போடுங்க. நாலுக்குள்ள இருந்து, மறுநாள் காலையில அடங்கிடுச்சுன்னா தைரியமாச் செய்யுங்க. அதுக்கு மேல போனா அளவைக் குறைங்க. முரட்டுத்தனமா இழுத்தா வலி கூடத்தான் செய்யும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தார்: “வலிக்குதுன்னு சொன்னா நிறுத்துவேன். பயமா இருக்குன்னு சொன்னா நிறுத்த மாட்டேன்.”

சமையலறைச் சுவரில், விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் பத்து நாளில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அலுத்துப்போய் நாலைந்து நாள் விட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது, “தினமும் செய்தேன்” என்று கூசாமல் சொன்னேன். அந்தப் பெண் கோணம் அளக்கும் கருவியைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அம்மா, நீங்க பொய் சொல்லலாம். தோள் சொல்லாது.”

அன்று வெட்கப்பட்டுத் தொடங்கியதுதான். மூன்றாம் மாதம் தலை பின்னினேன். எட்டாம் மாதம் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றேன். முதுகுப் பக்கம் இன்னும் நாலு விரல்கடை எட்டவில்லை. துண்டு இன்னும் கொடியில்தான் தொங்குகிறது.

செப்டம்பர் 8-ஆம் தேதி உலக பிசியோதெரபி தினம். 1951-ல் இத்துறையினரின் உலக அமைப்பு தொடங்கிய நாளை நினைவில் வைத்து, 1996 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டுதான் சொந்தக் கதையை இவ்வளவு தூரம் இழுத்தேன். உண்மையான காரணம், நம் மருத்துவப் பகுதிக்கு வரும் உங்கள் கடிதங்கள். முதுகு, முழங்கால், கணுக்கால் என்று இடம் மாறினாலும் முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே வரி இருக்கிறது: “வலி வந்ததிலிருந்து எதையும் செய்வதில்லை, ஓய்வில்தான் இருக்கிறேன்.”

முதுகு வலிக்குப் படுக்கை ஓய்வு என்பது மருத்துவர்களே நெடுங்காலம் எழுதிக் கொடுத்ததுதான். 1986-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதுகு வலிக்காரர்களில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கை, மறு பாதிக்கு ஏழு நாள். குணமானதில் வித்தியாசமில்லை, இரண்டு நாளில் எழுந்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள்தான் குறைவு. 1995-ல் ஃபின்லாந்தில் நடந்த ஆய்வில், படுக்காமல் தாங்கிய மட்டும் அன்றாட வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். இன்று பெரும்பாலான முதுகு வலிக்கு மருத்துவர்கள் சொல்வதும் அதுதான்: நடமாடுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்று இருப்பதைப் படித்துவிட்டுக் குனியவே அஞ்சுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி, இருபது வயதினரில் 100-க்கு 30 பேருக்கும் எண்பது வயதினரில் 84 பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தலை நரைப்பதுபோல் டிஸ்க்குக்கும் வயதாகிறது. அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முதுகை முறிந்த பொருளாக நடத்த வேண்டியதில்லை.

கணுக்கால் பிசகினால் ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கிவைத்தல் என்ற நாலும் நமக்கு மனப்பாடம். 1978-ல் இந்த நாலையும் ஒரு சொல்லாகக் கோத்துத் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே திருத்திக்கொண்டார். கிழிந்த தசைநாரில் உடம்பு முதலில் அவசரத்துக்கு ஓர் ஒட்டுப் போடுகிறது. அந்தப் புதிய நார்கள் சிக்கல் நூலாகத் தாறுமாறாகக் கிடக்கும். அளவான இழுவை கிடைக்கக் கிடைக்கப் பாவு நூல்போல வரிசைப்பட்டு வலுவாகின்றன. அந்த இழுவையை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதே பிசியோதெரபிஸ்ட்டின் படிப்பு. இன்னொன்றும் உண்டு. கண்ணை மூடினாலும் பாதம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புகள், கால் பிசகும்போது மந்தமாகிவிடும். அதனால்தான் ஒரு முறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. பல் துலக்கும் நேரத்தில் சுவரோரம் ஒற்றைக் காலில் நின்று பழகச் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

முழங்கால்காரர்களின் பயம் வேறு: “தேஞ்சு போச்சு, நடந்தா இன்னும் தேயும்.” முழங்காலின் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. எடை விழுந்து எழும்போது பஞ்சுபோலப் பிழிந்து உறிஞ்சித்தான் அது மூட்டு நீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. தொடையின் முன்தசை வலுத்தால் மூட்டின் பாரத்தைத் தசை வாங்கிக்கொள்ளும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே அதற்கு நல்ல பயிற்சி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனை மாவுக்கட்டானாலும் புத்தூர்க் கட்டானாலும், கட்டுப் பிரித்த நாளோடு வைத்தியம் முடியவில்லை. எலும்பு கூடியிருக்கும், ஆனால் மூட்டு இறுகி, தசை மெலிந்திருக்கும். அதை மீட்பது அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

இதையெல்லாம் எழுதும்போது வேலூர் நினைவுக்கு வருகிறது. 1940-களின் இறுதியில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். ஒரு வேலைக்கு இருக்கும் தசைநாரை எடுத்து இன்னொரு வேலைக்குக் கட்டும் முறை அது. கட்டிவிட்டால் மட்டும் விரல் சொன்னபடி கேட்காது. புதிய இடத்தில் புதிய வேலையை அந்தத் தசை பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். கத்தியின் வேலை சில மணி நேரம், மீதியெல்லாம் பயிற்சி. அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை என்று பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-ல் வேலூரில் அதற்கென்று தனித் துறையை ஏற்று நடத்தினார். 1966-ல் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. என் தோளுக்காக நான் புலம்பிய நாட்களில் அவரை நினைத்துக் கூச்சப்பட்டிருக்கிறேன்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனியாரிடம் போனால் பட்டம் பெற்றவரா என்று விசாரியுங்கள். மெஷினை மட்டும் வைத்துவிட்டு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராமல் அனுப்பும் இடமானால் வேறு இடம் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தால், விழுந்த பிறகு கால் ஊன்றவே முடியாவிட்டால், பயிற்சியைத் தொடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி உங்களில் பலர் வீட்டில், மருந்துச் சீட்டுகளோடு சேர்ந்து, பிசியோதெரபிஸ்ட் படம் போட்டுக் கொடுத்த ஒரு தாளும் மடித்தபடி கிடக்கும். மாத்திரையை வேளை தவறாமல் போட்டிருப்பீர்கள். அந்தத் தாளை மூன்றாம் நாளே மறந்திருப்பீர்கள். நானும் மறந்தவள்தான். இதழைப் புரட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அதைத் தேடி எடுங்கள். அதிலிருக்கும் முதல் பயிற்சியை இன்றைக்கு ஒரு வேளை செய்யுங்கள். மிச்சக் கட்டுரைகளை அப்புறம் படிக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்