நாசிலைப் பழிக்குமுன்

பள்ளங்கியில் நாங்கள் நால்வர் கூட்டாக வைத்திருக்கும் பழைய டீசல் ஜீப், சென்ற மார்கழியில் உதறத் தொடங்கியது. நின்ற இடத்தில் தடுமாறும்; மேட்டில் திணறிக் கரும்புகை கக்கும். அடிவாரத்துப் பட்டறை ஒன்றில், புகையைப் பார்த்த மாத்திரத்தில் நாசில்தான் என்று தீர்ப்பளித்து நான்கையும் மாற்றித் தந்தார்கள். உதறல் எங்களோடேயே மலையேறி வந்தது.

மலையில் கரும்புகையை மட்டும் சாட்சியாக நம்பலாகாது. சுமார் 2100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில், கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினில் பம்ப் அனுப்பும் டீசலோ அதற்கேற்பக் குறைவதில்லை. எரியாத மிச்சம் கரியாக வெளியேறுகிறது.

ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுமுன் ஒன்று கேட்டார்: "மேட்டைப் பாத்து நிறுத்தினா காலையில ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா சார்?" ஆம் என்றோம். பின்பு எஞ்சினை ஓடவிட்டு, நாசில் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். நான்கிலும் மாறியது. ஆகவே குறை, நான்குக்கும் பொதுவான வழியில். (காமன்ரெயில் வண்டிகளில் இதைச் செய்யத் துணியவேண்டாம்; ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.)

டாங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. அந்தப் பகுதியில் பம்ப் டீசலை உறிஞ்சுவதால் வெளியே சொட்டுக்கூடக் கசியாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி மேடு நோக்கி நின்றால் பின்னாலுள்ள டாங்க் தாழ்ந்து, இரவோடிரவாக டீசல் அதற்கே திரும்பிவிடும். காற்று அமுங்கக்கூடியது என்பதால் பம்பின் தள்ளல் குமிழை நசுக்குவதிலேயே வீணாகிறது. நாசில் சரியாகத் திறப்பதில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஓடும் குமிழிகளை எங்களுக்கே காட்டினார்.

ஒரு சாண் ஹோஸ், இரண்டு கிளிப், கைப்பம்பால் காற்றை வெளியேற்றக் கால்மணி நேரம். நாசிலுக்குப் பல ஆயிரங்களை மறுபேச்சின்றிக் கொடுத்த நாங்கள், 'பார்த்ததற்கு' அவர் முந்நூறு ரூபாய் கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. பொருளுக்கு மட்டும் காசு கொடுப்போம், யோசனைக்குக் கொடுக்கமாட்டோம் என்றால் பட்டறைக்காரர் பொருளைத்தானே மாற்றுவார்? ஸ்கேனர் வந்தும் இது மாறவில்லை. அழுத்தம் குறைவு என்று அது சொல்லும். ஹோஸா, பில்டரா, பம்பா என்று யாராவது குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய நாசில்களையும் அவர் சோதித்துப் பார்த்தார். ஒன்று இலேசாகச் சொட்டியது. மற்ற மூன்றும் பனிபோல் தூவின.