சக்கரவர்த்தியின் மரணக் கணக்கு

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டியூன்' என்னும் விஞ்ஞான நவீனத்தில், தந்தையைப் பறிகொடுத்த இளைஞன் பால் அட்ரெய்டீஸ், அராக்கிஸ் கிரகத்துப் பாலைவனவாசிகளான ஃபிரெமென் மக்களின் தீர்க்கதரிசியாகிச் சாம்ராஜ்யத்தையே கைப்பற்றும் கட்டத்தோடு மனநிறைவடைந்து புத்தகத்தை மூடிவிடும் வாசகர்கள், ஆசிரியர் சொல்ல வந்ததில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். மறுபாதி, 1969இல் வெளிவந்த 'டியூன் மெசையா'வில் இருக்கிறது.

சதிகாரர்கள் கூடிப் பேசும் அதன் ஆரம்ப அத்தியாயம் சற்று நீளந்தான். ஆனால், பட்டத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், பால் தன் பழைய தோழன் ஸ்டில்கரிடம் பூவுலகின் புராதன சரித்திரத்திலிருந்து செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் எடுத்துக்காட்டும் இடத்தைப் படித்தவர் எளிதில் மறக்கமாட்டார். ஹிட்லர் கொன்றவர்கள் அறுபது லட்சத்துக்கும் மேல் என்று கேட்ட ஸ்டில்கருக்கு அது ஒரு பெருந்தொகையாகவே படவில்லை. ஏனெனில் பாலின் பெயரால் நடந்த புனிதப் போரில் மாண்டவர்கள், குறைத்து மதிப்பிட்டாலும், 6,100 கோடி. உயிர்ப்பூண்டற்றுப் போன கிரகங்கள் 90. இந்தத் தொகையைக் காட்டிலும் என்னை நடுங்கவைப்பது ஸ்டில்கரின் நிலைதான்: சுயபுத்தியும் தன்மானமும் மிக்க தலைவனாக முதல் நூலில் நாம் கண்ட அம்மனிதன், பக்தி முற்றிய காரணத்தால், பிணங்களின் எண்ணிக்கையைக்கூடத் தன் தெய்வத்தின் மகிமையாகக் கருதுமளவுக்குச் சுருங்கிப் போய்விட்டான்.

கண்ணிழந்தவர்களைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடும் ஃபிரெமென் வழக்கத்துக்குச் சக்கரவர்த்தியாகிய தானும் உட்பட்டவனே என்று பால் இறுதியில் ஏற்பதைச் சிலர் வீழ்ச்சி என்பர். அவன் செய்த காரியங்களுள் தலைசிறந்தது அதுவே என்பேன் நான்.

'டியூன்' கதையைத் தம் 'அனலாக்' பத்திரிகையில் தொடராக வெளியிட்ட ஜான் கேம்பெல், கதாநாயகன் இப்படிச் சரிவதைச் சகியாமல் இந்நூலை நிராகரிக்கவே, 'கேலக்ஸி' பத்திரிகை அதை ஏற்று வெளியிட்டது. முதல் நூலின் வெற்றியைக் கண்டு பிற்பாடு ஒட்டப்பட்ட வால் இது என்று பேசுவோரும் உளர். முதல் நூல் முற்றுப்பெறுமுன்பே இரண்டாவது, மூன்றாவது நூல்களின் சில பகுதிகளைத் தாம் எழுதிவிட்டதாக ஹெர்பர்ட்டே தெரிவித்திருப்பது அவர்களுக்குப் போதுமான மறுமொழி.